ஆஸ்பத்திரியில் தவறான சிகிச்சையா? சாலை மறியலுக்கு முன் சீட்டை கேட்டு வாங்குங்க!

மொரப்பூர்,

தர்மபுரி மாவட்டம் மொரப்பூர் சுற்றுவட்டார கிராமங்களில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் முதலில் ஓடுவது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு. அங்கே முடியாது என்றால் அரூர் அரசு ஆஸ்பத்திரி. அதுக்கும் மேலே என்றால் தர்மபுரி அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரி, இல்லாவிட்டால் சேலம். நகையை அடகு வைத்து நாலு காசு புரட்ட முடிந்தவர்கள் தனியார் ஆஸ்பத்திரிக்கு போகிறார்கள்.

பெரும்பாலானவர்கள் குணமாகி வீடு திரும்புகிறார்கள். ஆனால் சில சமயம் நடந்து போனவர் படுத்த படுக்கையாக வருகிறார். பிரசவத்துக்கு போன பெண் பிணமாக வருகிறார். அப்போது வழக்கமாக 2 விஷயங்களில் ஒன்றுதான் நடக்கிறது. சொந்தக்காரர்கள் ஆஸ்பத்திரி வாசலில் சாலை மறியலில் உட்காருவார்கள். போலீசார் வந்து பேச்சுவார்த்தை நடத்தி, "நடவடிக்கை எடுக்கிறோம்" என்றதும் கலைந்து செல்வார்கள். இன்னொரு தரப்பு, "எல்லாம் தலையெழுத்து, டாக்டரை எதிர்த்து நம்மால என்ன பண்ண முடியும்" என்று அழுதுகொண்டே வீட்டுக்கு போய்விடும்.

சட்டப்படி நஷ்டஈடு கேட்கும் வழி ஒன்று இருக்கிறது. கூலித்தொழிலாளியும் அதில் போகலாம். வக்கீல் வைக்க காசு இல்லாவிட்டாலும் போகலாம். ஆனால் அந்த வழியில் கண்ணீரை விட காகிதத்துக்குத்தான் மதிப்பு அதிகம்.

எழும்பூர் குழந்தைக்கு என்ன நடந்தது?

தமிழ்நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்த வழக்கு ஒன்று உண்டு. 1996-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சென்னை எழும்பூர் அரசு தாய்-சேய் நல ஆஸ்பத்திரியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. 29-வது வாரத்திலேயே பிறந்துவிட்ட குறைமாத குழந்தை. எடை 1,250 கிராம் மட்டுமே. சுமார் 3 வாரம் கழித்து குழந்தையை வீட்டுக்கு அனுப்பினார்கள். பெற்றோரும் டாக்டர் சொன்னபடி தொடர்ந்து காட்டி வந்தனர்.

குழந்தைக்கு நாலரை மாதம் ஆனபோது மும்பையில் தடுப்பூசி போடப் போன இடத்தில் அங்கிருந்த குழந்தைகள் நல டாக்டருக்கு சந்தேகம் வந்தது. கண்ணை பரிசோதித்ததில் விழித்திரை பாதிக்கப்பட்டு பார்வை பறிபோனது தெரிந்தது. குறைமாதத்தில் பிறந்து, ஆக்சிஜன் வைக்கப்படும் குழந்தைகளுக்கு இந்த பாதிப்பு வரலாம் என்பது டாக்டர்களுக்கு தெரிந்த விஷயம். பிறந்த சில வாரங்களுக்குள் கண் டாக்டர் ஒருமுறை பார்த்திருந்தால் பார்வையை காப்பாற்ற வாய்ப்பு இருந்தது. அந்த பரிசோதனையை யாரும் செய்யவில்லை. செய்யுங்கள் என்று பெற்றோரிடம் சொல்லவும் இல்லை.

தந்தை விடவில்லை. வழக்கு தேசிய நுகர்வோர் ஆணையத்துக்கு போனது. அங்கே 5 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கிடைத்தது. அது போதாது என்று சுப்ரீம் கோர்ட்டுக்கு போனார். 2015-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி தீர்ப்பு வந்தது. இனி ஆகப்போகும் சிகிச்சை செலவுக்கு 1 கோடியே 38 லட்சம், ஏற்கனவே ஆன செலவுக்கு சுமார் 42 லட்சத்து 88 ஆயிரம், மொத்தம் 1 கோடியே 80 லட்சம் ரூபாய். இதில் பெரும்பகுதியை தமிழக அரசும் ஆஸ்பத்திரியும், மீதியை 2 டாக்டர்களும் தர வேண்டும் என்று நீதிபதிகள் உத்தரவிட்டனர்.

இந்த வழக்கில் முக்கிய சாட்சியாக நின்றது எது தெரியுமா? ஆஸ்பத்திரி கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு. கண் பாதிப்பு வரலாம் என்ற எச்சரிக்கை அந்த சீட்டில் எங்குமே இல்லை என்பதை சுப்ரீம் கோர்ட்டு சுட்டிக்காட்டியது. பெற்றோர் அந்த சீட்டை பத்திரமாக வைத்திருக்காவிட்டால், டாக்டர் சொன்னாரா, சொல்லவில்லையா என்ற வாய்ச்சண்டையாகவே போயிருக்கும்.

எது அலட்சியம்? எது இல்லை?

நோயாளி இறந்துவிட்டார் என்பதாலேயே டாக்டர் மீது தப்பு என்று சட்டம் சொல்வதில்லை. 2014-ம் ஆண்டு நவம்பரில் தர்மபுரி அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரியில் சில நாட்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்து மாநிலமே அதிர்ந்தது. எடை குறைவாகவும், குறைமாதத்திலும் பிறந்ததே காரணம் என்று அரசு தரப்பில் விளக்கம் அளிக்கப்பட்டது. இது போன்ற நேரங்களில் ஒவ்வொரு குழந்தைக்கும் என்ன செய்தார்கள், எதை செய்யாமல் விட்டார்கள் என்று கேஸ் சீட்டை வைத்துத்தான் சொல்ல முடியும்.

கோர்ட்டு பார்ப்பது 3 விஷயங்கள். நோயாளியை பார்க்கும் பொறுப்பை டாக்டரோ ஆஸ்பத்திரியோ ஏற்றார்களா? அதே துறையில் உள்ள சராசரி திறமையான டாக்டர் செய்திருக்கக்கூடிய கவனத்தை காட்டினார்களா? கவனக்குறைவால்தான் இந்த பாதிப்பு வந்ததா? மூன்றுக்கும் பதில் நோயாளி பக்கம் இருந்தால்தான் வழக்கு நிற்கும்.

பெரிய டாக்டர் அளவுக்கு சிறிய ஊர் டாக்டருக்கு திறமை இல்லை என்பது அலட்சியம் ஆகாது. 2 விதமான சிகிச்சை இருந்து டாக்டர் ஒன்றை தேர்ந்தெடுத்தார், அது பலன் தரவில்லை என்றால் அதுவும் அலட்சியம் ஆகாது.

மாற்று ரத்தம் ஏற்றுவது, வலது காலுக்கு பதில் இடது காலை கிழிப்பது, வயிற்றுக்குள் துணியை வைத்து தைப்பது போன்றவை வேறு ரகம். இங்கே நடந்ததே சாட்சி. டாக்டர் பக்கம்தான் விளக்கம் சொல்ல வேண்டும்.

ஐதராபாத்தில் ஒரு பெண்ணுக்கு வந்தது மலேரியா காய்ச்சல். தனியார் ஆஸ்பத்திரியில் டைபாய்டுக்கு வைத்தியம் பார்த்தார்கள். அவர் இறந்துவிட்டார். கணவர் நுகர்வோர் கோர்ட்டில் வழக்கு போட்டார். "வேறு டாக்டரின் நிபுணர் கருத்து எங்கே?" என்று எதிர்தரப்பு கேட்டது. எல்லா வழக்குக்கும் நிபுணர் சாட்சி கட்டாயம் இல்லை, தப்பு வெளிப்படையாக தெரிந்தால் ஆவணங்களே போதும் என்று 2010-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு சொல்லி, 2 லட்சம் ரூபாய் நஷ்டஈட்டை உறுதி செய்தது. சிக்கலான ஆபரேஷன் வழக்குகளில் இன்னொரு டாக்டரின் கருத்து இல்லாமல் ஜெயிப்பது கஷ்டம் என்பதையும் மறக்கக்கூடாது.

கையெழுத்து போட்டுட்டோமே!

"ஆபரேஷனுக்கு முன்னாடி எதுலயோ கையெழுத்து வாங்கிட்டாங்க. இனி கேஸ் போட முடியாதாம்" என்று பலர் நினைக்கிறார்கள். இது தவறு. சிகிச்சைக்கு சம்மதம் கொடுப்பது வேறு, அலட்சியத்துக்கு மன்னிப்பு கொடுப்பது வேறு. என்ன ஆபரேஷன், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்று நோயாளிக்கு புரியும்படி சொல்லி வாங்கினால்தான் அது சம்மதம்.

டெல்லியில் ஒரு பெண்ணுக்கு வயிற்றில் பரிசோதனை செய்ய மயக்க மருந்து கொடுத்தார்கள். மயக்கத்தில் இருந்தபோதே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். வெளியே இருந்த தாயாரிடம் சம்மதம் வாங்கியதாக சொன்னார்கள். உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லாதபோது, மயக்கம் தெளிந்த பிறகு அந்த பெண்ணிடமே கேட்டிருக்க வேண்டும் என்று 2008-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு கண்டித்தது.

எனவே வெற்று தாளில் கையெழுத்தோ, கைரேகையோ வைக்க வேண்டாம். எழுதப்படிக்க தெரியாதவர்கள் படிக்க தெரிந்த ஒருவரை கூட வைத்துக்கொள்வது நல்லது.

முதல் வேலை என்ன?

ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் முதலில் செய்ய வேண்டியது சிகிச்சை ஆவணங்களின் நகலை எழுத்துப்பூர்வமாக கேட்பதுதான்.

இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ம் ஆண்டு விதிகளின்படி, நோயாளியோ அவர் சார்பில் உரிமை உள்ளவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களை தர வேண்டும். உள்நோயாளியின் ஆவணங்களை சிகிச்சை தொடங்கிய நாளில் இருந்து 3 ஆண்டு வரை வைத்திருக்க வேண்டும். "அதெல்லாம் தர மாட்டோம்" என்று சொல்வதே நடத்தை விதி மீறல்.

கடிதம் பெரிதாக எழுத வேண்டியதில்லை. நோயாளி பெயர், உள்நோயாளி எண், சேர்ந்த தேதி, வெளியேறிய அல்லது இறந்த தேதி, "சிகிச்சை ஆவணங்கள் முழுவதின் நகல் வேண்டும்" என்ற ஒரு வரி போதும். 2 நகல் எடுத்து ஒன்றில் ஆஸ்பத்திரி முத்திரையுடன் கையெழுத்து வாங்க வேண்டும். வாங்க மறுத்தால் தபாலில் ஒப்புகையுடன் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். அரசு ஆஸ்பத்திரி என்றால் தகவல் அறியும் உரிமை சட்டத்திலும் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

இதோடு வீட்டில் சேர்த்து வைக்க வேண்டியவை: ஓ.பி. சீட்டு, மருந்து சீட்டு, மெடிக்கல் பில், ஸ்கேன் மற்றும் எக்ஸ்ரே படம், ரத்த பரிசோதனை அறிக்கை, பணம் கட்டிய ரசீது, ஆம்புலன்சில் வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றியபோது கொடுத்த பரிந்துரை கடிதம். பில் இல்லாமல் பணம் வாங்கினால் "பில் குடுங்க" என்று கேட்பதற்கு கூச்சப்பட வேண்டியதில்லை. எத்தனை மணிக்கு டாக்டர் வந்தார், யார் ஊசி போட்டார், எப்போது மோசமானது என்பதை அன்றே ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தால், 2 வருஷம் கழித்து கோர்ட்டில் குழப்பம் வராது.

சாவில் சந்தேகம் இருந்தால் உடலை அடக்கம் செய்யும் முன்பே போலீசில் புகார் கொடுத்து பிரேத பரிசோதனை கேட்க வேண்டும். எரித்த பிறகு எந்த டாக்டராலும் சாவுக்கு காரணம் சொல்ல முடியாது. மனசுக்கு கஷ்டமான முடிவுதான். ஆனால் பல வழக்குகள் தோற்றுப்போவது இந்த இடத்தில்தான்.

யார் நுகர்வோர் கோர்ட்டுக்கு போகலாம்?

மளிகைக் கடையில் எடை குறைந்தால் போகும் அதே நுகர்வோர் கோர்ட்டுக்கு ஆஸ்பத்திரி மீதும் போகலாம். 1995-ம் ஆண்டு நவம்பர் 13-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு கொடுத்த தீர்ப்பு இதற்கு வழி செய்தது. காசு வாங்கி வைத்தியம் பார்த்தால் அது சேவை, நோயாளி ஒரு நுகர்வோர் என்பது அந்த தீர்ப்பின் சாரம்.

தனியார் ஆஸ்பத்திரியில் பணம் கட்டியவர் போகலாம். சிலரிடம் காசு வாங்கி, சில ஏழைகளுக்கு இலவசமாக பார்க்கும் ஆஸ்பத்திரி என்றால் இலவசமாக பார்க்கப்பட்டவரும் போகலாம். இன்சூரன்ஸ் மூலம் கட்டணம் செலுத்தப்பட்டாலும் அது இலவசம் ஆகாது என்று அதே தீர்ப்பில் உள்ளது. முதலமைச்சரின் விரிவான மருத்துவ காப்பீட்டு அட்டையை வைத்து தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இதை எடுத்துச் சொல்லலாம்.

திருப்பூர், ஓசூர் பக்கம் கம்பெனி வேலைக்கு போகிறவர்களுக்கு சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பணம் பிடிப்பார்கள். இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் நடக்கும் அலட்சியத்துக்கும் நுகர்வோர் கோர்ட்டுக்கு போகலாம், பிடித்தம் செய்த பணமே கட்டணம் என்று 2007-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

எல்லோருக்கும் முழுக்க இலவசமாக பார்க்கும் அரசு ஆஸ்பத்திரி மட்டும் பொதுவாக இந்த வளையத்துக்குள் வராது. அதற்கு வேறு வழி இருக்கிறது. கீழே பார்க்கலாம்.

தர்மபுரியிலேயே வழக்கு

ஆபரேஷன் நடந்தது சேலத்திலோ, பெங்களூரிலோ இருக்கலாம். மொரப்பூரில் குடியிருப்பவர் தர்மபுரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்கு போடலாம். 2020-ம் ஆண்டு ஜூலை 20-ந்தேதி அமலுக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்பு சட்டம், புகார்தாரர் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் ஊரிலேயே வழக்கு போட அனுமதிக்கிறது. ஆன்லைனில் இ-ஜாக்ரிதி தளத்திலும் தாக்கல் செய்யலாம். சந்தேகம் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து கேட்கலாம்.

எந்த கோர்ட்டு என்பதை முடிவு செய்வது ஆஸ்பத்திரிக்கு கட்டிய தொகை. 50 லட்சம் ரூபாய் வரை கட்டியிருந்தால் மாவட்ட ஆணையம். அதற்கு மேல் 2 கோடி வரை சென்னையில் உள்ள மாநில ஆணையம். அதற்கும் மேலே டெல்லி. ஏழை எளியவர்கள் வழக்கு எல்லாமே மாவட்டத்திலேயே முடிந்துவிடும். கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கோர்ட்டு கட்டணம் ஒரு பைசா கிடையாது. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். 10 முதல் 20 லட்சம் வரை 400 ரூபாய்.

வக்கீல் இல்லாமல் நேரடியாக வாதாடவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் டாக்டர் வழக்கில் எதிர்தரப்பு மருத்துவ வார்த்தைகளை அடுக்கும் என்பதால் விவரம் தெரிந்த வக்கீல் இருப்பது நல்லது.

நஷ்டஈடாக ஆன சிகிச்சை செலவு, இனி ஆகும் செலவு, வேலைக்கு போக முடியாமல் இழந்த கூலி, பட்ட வேதனை, வழக்கு செலவு ஆகியவற்றை கேட்கலாம். கூலித்தொழிலாளிக்கு சம்பள சீட்டு இருக்காது. மேஸ்திரி தரும் கடிதம், பேங்க் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை போன்றவை வருமானத்தை காட்ட உதவும். மாவட்ட ஆணையத்தின் தீர்ப்பு பிடிக்காவிட்டால் 45 நாளில் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

2 ஆண்டு கெடு

வழக்கு போட காலக்கெடு 2 ஆண்டு. தகுந்த காரணம் சொன்னால் தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதை நம்பி இருக்கக்கூடாது.

கோவாவை சேர்ந்த ஒரு நர்சுக்கு 1993-ம் ஆண்டு பித்தப்பை கல் ஆபரேஷன் நடந்தது. அதன் பிறகு வயிற்று வலி தீரவே இல்லை. 2002-ல் மறுபடியும் ஆபரேஷன் செய்தபோது வயிற்றுக்குள் துணி இருந்தது தெரிந்தது. 2004-ல் வழக்கு போட்டார். தப்பு தெரிய வந்த நாளில் இருந்துதான் காலக்கெடுவை கணக்கிட வேண்டும் என்பது பொதுவான விதி. ஆனாலும் சுப்ரீம் கோர்ட்டு 2010-ல் அவரது வழக்கை தள்ளுபடி செய்தது. இத்தனை வருஷம் வலி இருந்தும், நர்சாக இருந்தும் முன்பே ஏன் பரிசோதிக்கவில்லை என்பதுதான் கேள்வி. ஆபரேஷனுக்கு பிறகு வலி நீடித்தால் "தானா சரியாயிடும்" என்று இருக்காமல் உடனே இன்னொரு டாக்டரிடம் காட்டி, அதையும் சீட்டில் எழுதி வாங்க வேண்டும்.

அரசு ஆஸ்பத்திரி என்றால்?

"இலவசமா பார்க்கிறாங்க, கேள்வி கேட்க முடியாது" என்பதும் தவறான நினைப்புதான்.

மராட்டிய மாநிலம் அவுரங்காபாத் அரசு ஆஸ்பத்திரியில் 1963-ம் ஆண்டு பிரசவத்துக்கு பிறகு குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட பெண்ணின் வயிற்றுக்குள் துண்டை வைத்து தைத்துவிட்டார்கள். அவர் இறந்தார். குடும்பத்தினர் சிவில் கோர்ட்டில் வழக்கு போட்டனர். 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு, ஊழியர்களின் அலட்சியத்துக்கு அரசே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. 33 ஆண்டு காத்திருந்து கிடைத்த தொகை 36 ஆயிரம் ரூபாய் என்பது வேதனையான விஷயம். ஆனால் அந்த தீர்ப்புதான் பின்னால் வந்தவர்களுக்கு கைகொடுக்கிறது.

விருதுநகர் மாவட்டம் சாத்தூரில் 2018-ம் ஆண்டு டிசம்பரில் அரசு ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கிருமி உள்ள ரத்தத்தை ஏற்றிய சம்பவம் தமிழ்நாட்டையே உலுக்கியது. விவகாரம் மதுரை ஐகோர்ட்டு கிளைக்கு போனது. 2019-ம் ஆண்டு ஜூலையில் 25 லட்சம் ரூபாய் நஷ்டஈடும், அரசு வேலையும் வழங்க நீதிபதிகள் உத்தரவிட்டனர். தப்பு வெளிப்படையாக இருந்தால் ஐகோர்ட்டில் ரிட் மனு மூலம் இப்படி நிவாரணம் கிடைக்க வாய்ப்பு உண்டு. தர்மபுரி மாவட்டத்துக்காரர்கள் சென்னை ஐகோர்ட்டுக்கு போக வேண்டும். மாநில மனித உரிமை ஆணையத்திலும் புகார் தரலாம். சம்பவம் நடந்து 1 ஆண்டுக்குள் தர வேண்டும்.

குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தும் கர்ப்பம் தரித்தால் அதற்கென்று தனி இழப்பீட்டு திட்டம் இருக்கிறது. ஆபரேஷன் பலிக்கவில்லை என்று தெரிந்த 90 நாளுக்குள் ஆபரேஷன் சான்றிதழுடன் விண்ணப்பிக்க வேண்டும்.

போலீசில் புகார் கொடுத்தால்?

டாக்டர் மீது உடனே வழக்கு, உடனே கைது என்று எதிர்பார்க்க முடியாது. லூதியானாவில் 1995-ம் ஆண்டு மூச்சுத்திணறிய நோயாளிக்கு கொண்டுவந்த ஆக்சிஜன் சிலிண்டர் காலியாக இருந்தது. அவர் இறந்தார். டாக்டர் மீதான கிரிமினல் வழக்கை 2005-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்தது. ஆஸ்பத்திரி நஷ்டஈடு தர வேண்டி வரலாம், ஆனால் ஜெயிலுக்கு அனுப்ப மிக மோசமான அலட்சியம் நிரூபிக்கப்பட வேண்டும் என்பது தீர்ப்பு. போலீசார் முதலில் சம்பந்தம் இல்லாத, முடிந்தவரை அரசு டாக்டர் ஒருவரின் கருத்தை வாங்க வேண்டும். சாதாரண வழக்கு போல டாக்டரை கைது செய்யக்கூடாது என்றும் கோர்ட்டு சொன்னது.

2024-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 106-வது பிரிவில், சிகிச்சையின்போது அலட்சியத்தால் மரணம் ஏற்படுத்தும் பதிவு பெற்ற டாக்டருக்கு 2 ஆண்டு வரை ஜெயிலும் அபராதமும் விதிக்கலாம். போலீஸ் புகாரால் நஷ்டஈடு தானாக வராது. அதற்கு தனி வழக்கு வேண்டும். போலீஸ் விசாரணை முடியட்டும் என்று காத்திருந்து 2 ஆண்டு கெடுவை தவறவிட்டவர்கள் கதியை நினைத்துப் பார்க்க வேண்டும்.

டாக்டர் மீது தொழில்முறை நடவடிக்கை வேண்டும் என்றால் சென்னையில் உள்ள தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்கு புகார் அனுப்பலாம். குற்றம் நிரூபணமானால் பதிவை தற்காலிகமாகவோ, நிரந்தரமாகவோ நீக்குவார்கள். தனியார் ஆஸ்பத்திரியின் வசதி குறைபாடு, உரிமம் பற்றி மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குனரிடம் புகார் தரலாம்.

கிராமங்களில் ஊசி போடும் போலி டாக்டர்கள் விஷயமே தனி. அவர்கள் மீதும் இணை இயக்குனரிடமும் போலீசிலும் புகார் தரலாம். ஹோமியோபதி படித்தவர் அலோபதி மருந்து கொடுத்து நோயாளி இறந்த வழக்கில், தெரியாத வைத்தியத்தை செய்ததே அலட்சியம் என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. படித்தது வேறு வைத்தியம் என்றாலே இந்த நிலை. ஒன்றுமே படிக்காதவருக்கு எந்த பாதுகாப்பும் கிடையாது.

வக்கீலுக்கு காசு இல்லையா?

பெண்கள், குழந்தைகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அரசு செலவில் வக்கீல் கிடைப்பார். மற்ற பெரும்பாலானவர்களுக்கு ஆண்டு வருமான வரம்பு உண்டு. தர்மபுரி கோர்ட்டு வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தாலே போதும். அரூர் கோர்ட்டில் உள்ள வட்ட சட்டப்பணிகள் குழுவிலும் கேட்கலாம். போன் எண் 15100. நுகர்வோர் கோர்ட்டு வழக்குக்கும் இந்த உதவி உண்டு.

ஆஸ்பத்திரி வாசலில் வந்து, "நான் பேசி முடிச்சு தரேன், கிடைக்கிறதுல பாதி" என்று சொல்லும் இடைத்தரகர்களை நம்பி ஒரிஜினல் சீட்டுகளை கொடுத்துவிடக்கூடாது. நஷ்டஈட்டில் பங்கு கேட்பது வக்கீல்களுக்கே விதிப்படி அனுமதி இல்லாத ஒன்று. சமரசம் பேசினாலும் எழுதியதை படித்துப் பார்க்காமல் கையெழுத்து போடக்கூடாது.

ஆத்திரத்தில் டாக்டரை அடிப்பதும், கண்ணாடியை உடைப்பதும் வழக்கையே தலைகீழாக்கிவிடும். தமிழ்நாட்டில் 2008-ம் ஆண்டு கொண்டுவரப்பட்ட சட்டத்தின்படி ஆஸ்பத்திரியை தாக்குவது ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம். 10 ஆண்டு வரை ஜெயில் தண்டனை உண்டு. நஷ்டஈடு கேட்க வேண்டிய குடும்பம் ஜாமீனுக்கு அலைய வேண்டியதாகிவிடும்.

பணம் வந்தது, பார்வை வரவில்லை

எழும்பூர் வழக்கில் தீர்ப்பு வந்தபோது அந்த குழந்தை வளர்ந்து 18 வயதை தாண்டிவிட்டது. 1 கோடியே 80 லட்சம் ரூபாய் வந்தாலும் போன பார்வை திரும்பவில்லை. அதனால் சீட்டை பத்திரப்படுத்துவதோடு, கேட்க வேண்டிய கேள்வியை அந்தந்த நேரத்தில் கேட்பதும் அவசியம்.

34 வாரம் நிறைவதற்குள் அல்லது 2 கிலோவுக்கும் குறைவான எடையில் பிறந்த குழந்தைக்கு, பிறந்த 30 நாளுக்குள் விழித்திரை பரிசோதனை செய்ய வேண்டும் என்பது இந்தியாவில் டாக்டர்கள் பின்பற்றும் வழிகாட்டுதல். எடை 1,200 கிராமுக்கும் கீழே இருந்தால் 20-வது நாளிலேயே தொடங்க வேண்டும். மொரப்பூர் பகுதியில் குறைமாத குழந்தையை கையில் வைத்திருக்கும் பெற்றோர் டிஸ்சார்ஜ் ஆகும்போது, "சார், பாப்பாவுக்கு கண் டாக்டர் பார்த்துட்டாங்களா? எந்த தேதியில வரணும்? சீட்டுல எழுதிக் குடுங்க" என்று கேட்டாலே போதும். அந்த ஒரு வரி எழுதப்பட்டிருந்தால் எழும்பூர் குழந்தைக்கு பார்வையை காப்பாற்றும் வாய்ப்பு கிடைத்திருக்கும் என்பது குறிப்பிடத்தக்கது.